மேலாளரின் பொய்மீன்

வால்வு தொழிற்சாலையின் ஸ்டோர்க்காரருக்கு வாயில் வராத ஒரே சொல் 'இல்லை' என்பது. சரக்கே இல்லாவிட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார். "வந்துட்டே இருக்கு" என்பார். இந்தக் குணத்தால் அவருக்கு எதிரி என்று யாரும் கிடையாது. நிழலான அறை, சுவர் முழுக்க வாஷரும் போல்ட்டும் அடுக்கிய தட்டுகள், வெளியே பேச ஒரு சின்ன ஜன்னல் என்று பல வருஷமாக நிம்மதியாக இருந்தார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், ஒரு கூட்டத்தில் மேலாளர் சொன்ன புள்ளிவிவரம் தப்பு என்று எழுந்து நின்று சொன்னவர். தப்புதான், அதில் சந்தேகமில்லை. சொன்னவர் இப்போது பெயிண்ட் ஷெட்டில் தும்மிக்கொண்டிருக்கிறார்.

இந்த மேலாளர் ஒருமுறை வெளியூர் போனபோது, தங்கிய ஓட்டலின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மரத்தில் செதுக்கிய மீன் ஒன்றைப் பார்த்தார். தூண்டிலில் புழுவுக்குப் பதிலாகக் கட்டும் பொய்மீன் அது. வயிற்றிலும் வாலிலும் முள் தொங்கும். தூண்டில் நரம்பை இழுத்தால் தண்ணீருக்குள் நிஜ மீன் போல நெளிந்து வரும். பெரிய மீன் ஏமாந்து வந்து கவ்வும். இதை நான் செய்ய மாட்டேனா என்று மேலாளருக்குத் தோன்றிவிட்டது. எதைப் பார்த்தாலும் அவருக்கு அப்படித்தான் தோன்றும். அப்படித் தோன்றுகிறவர்களைத்தான் மேலாளராகவும் போடுகிறார்கள்.

வீட்டில் கார் நிற்கும் இடத்தைப் பட்டறையாக்கினார். காரை வெயிலில் நிறுத்தினார். உளி, அரம், உப்புத்தாள், வார்னிஷ் எல்லாம் வந்து இறங்கின. விடுமுறை நாட்களில் மரத்தூள் பறக்கச் செதுக்கினார். செதுக்கிச் செதுக்கிச் சேர்ந்தவற்றை என்ன செய்வது? வீட்டம்மா அலமாரியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்.

ஸ்டோர் ஜன்னலில் ஒரு மரமீனை வைத்து, "நீங்க ஏரிப்பக்கம்தானே குடியிருக்கீங்க? மீன் பிடிப்பீங்கல்ல?" என்று கேட்டார்.

ஸ்டோர்க்காரர் வாழ்க்கையில் தூண்டிலைத் தொட்டதில்லை. ஆனால் கேட்டது மேலாளர்.

"எப்பவாச்சும் பிடிக்கிறதுதான் சார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது போல ஆயிற்று.

அடுத்த வாரத் தொடக்கத்தில், ஆய்வுக் கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே மேலாளர் அவர் பக்கம் திரும்பி, மீன் மாட்டியதா என்று கேட்டார். மாட்டியது என்றார் ஸ்டோர்க்காரர். எவ்வளவு பெரிசு என்று கேட்டார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை காட்டினார் ஸ்டோர்க்காரர். அத்தோடு போயிருக்கும். ஆனால் மேலாளர் மரமீன் கொடுத்திருந்த இன்னும் இரண்டு பேர் அந்த மேசையில் இருந்தார்கள். ஒருவர் கணக்குப் பிரிவுத் தலைவி. எல்லோரும் கணக்கம்மா என்று கூப்பிடுவார்கள். இன்னொருவர் சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச்காரர். ஸ்டோருக்கு மாட்டிய மீன் தங்களுக்கு மாட்டாமல் போனால் அது என்ன மரியாதை? தன் வீட்டுக்காரர் பிடித்த மீனைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது என்றார் கணக்கம்மா. டிஸ்பாட்ச்காரர் எதையும் வாயால் சொல்லவில்லை. மறுவாரம் போட்டோவே கொண்டுவந்தார். அதில், வாயில் பொய்மீன் தொங்கும் ஒரு மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். சந்தையில் ஐஸ் பெட்டியிலிருந்து வாங்கிய கடல்மீன் அது. ஏரியில் கடல்மீன் எப்படி வந்தது என்று மேலாளர் கேட்கவில்லை. "பாத்தீங்களா, கடல்ல இருக்க வேண்டியதுகூட நம்ம ஏரிக்கு வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் மேலாளர் இதை விஞ்ஞான முறையில் செய்ய ஆரம்பித்தார். எந்த நிறத்துக்கு மீன் அதிகம் வருகிறது என்று ஸ்டோர்க்காரரைக் கேட்டார். எதிரே தீயணைப்பு வாளி தொங்கியது. "சிவப்புதான் சார்" என்றார். அடுத்து வந்தவை எல்லாம் சிவப்பு. ஒல்லியாக இருந்தால் நல்லது என்றார் கணக்கம்மா. குண்டுதான் மீனுக்குப் பிடிக்கும் என்றார் டிஸ்பாட்ச்காரர். இரண்டு பேர் மனமும் நோகாதபடி மேலாளர் முன்பாதி குண்டாகவும் பின்பாதி ஒல்லியாகவும் ஒன்று செய்தார். பார்க்க, அகப்பைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது. அதில்தான் இதுவரைக்கும் கிடைத்ததிலேயே பெரிய மீன் மாட்டியது என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். யாருமே ஏரிக்குப் போகவில்லை. ஆனால் மற்ற இரண்டு பேரும் உண்மையிலேயே போகிறார்கள், தான் ஒருவன்தான் புளுகுகிறோம் என்று ஸ்டோர்க்காரர் நம்பினார். அந்தக் குற்றவுணர்வில் இன்னும் கொஞ்சம் கூட்டியே புளுகினார்.

வீட்டில் மரமீன்கள் ஷூ பெட்டி நிறையச் சேர்ந்தன. ஸ்டோர்க்காரரின் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். வருகிறவர்கள் மூக்குக்கும் காதுக்கும் சரியாக ஃபிரேம் பொருத்துவது அவர் வேலை. ஒரு மரமீனை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"என்னங்க, இதுக்கு ரெண்டு கண்ணும் ஒரே மட்டத்துல இல்ல. ஒண்ணு நம்மளப் பாக்குது, இன்னொண்ணு பரணைப் பாக்குது."

"நம்ம கண்ணுக்கு நல்லா இருந்து என்ன ஆகப்போவுது? மீன் பாத்தாப் போதும்" என்றார் ஸ்டோர்க்காரர்.

"மீன் பாத்துச்சா?"

ஒரு சாயங்காலம் யாரும் இல்லாத நேரத்தில் குளியலறைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒன்றை மெதுவாக விட்டுப் பார்த்தார். அது தண்ணீரில் பட்டதும் புரண்டு, வயிறு மேலே தெரிய மல்லாந்து கிடந்தது. அடுத்ததும் அப்படியே. காய்ச்சல் வந்த அகப்பை மட்டும் செங்குத்தாக, தலைகீழாக நின்றது. கல்லூரி விட்டு வந்த மகள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, செத்த மீனைத் தின்னும் மீன் ஏதாவது இருந்தால் இதற்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதெல்லாம் தொட்டியோடு போயிருக்கும். ஆனால் மேலாளருக்கு ஓர் ஆசை வந்தது. இவ்வளவு பேர் இவ்வளவு மீன் பிடிக்கிறார்கள், செய்த நான் மட்டும் கண்ணால் பார்க்கவில்லையே என்று குறைப்பட்டார். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஏரிக்குப் போவோம் என்று கூட்டத்தில் அறிவித்தார். கணக்கம்மா கை தட்டினார். டிஸ்பாட்ச்காரர் அதைவிடப் பலமாகத் தட்டினார். ஸ்டோர்க்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மற்ற இருவரும் மீனாகப் பிடித்துத் தள்ளப் போகிறார்கள், தான் மட்டும் திருதிருவென விழிக்கப் போகிறோம், பெயிண்ட் ஷெட்டில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறதா என்று அவர் மனம் கணக்குப் போட்டது. உண்மையைச் சொல்லிவிடலாமே என்று மனைவி சொன்னார். சொல்லலாம்தான். ஆனால் அதற்கு முதலில் 'இல்லை' என்று ஆரம்பிக்க வேண்டுமே. கடைசியில் அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. பொய்யை மெய்யாக்குவது.

மேலாளரின் மரமீன்களைச் சரிசெய்யலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தார். வயிற்றைக் குடைந்து ஈயம் வைத்தால் நிமிர்ந்து நிற்கும் என்று தோன்றியது. குடைந்தார், ஒன்று பிளந்துகொண்டது. இன்னொன்று நிமிர்ந்து நின்றது, ஆனால் இழுத்தால் சக்கரம் கோணிய வண்டி போல ஒரு பக்கமாகவே போயிற்று. அவற்றின் கோணல் மேல்தோலோடு நிற்கவில்லை. உள்ளே மரம் வரைக்கும் இருந்தது. புதிதாகவே செய்வது என்று முடிவெடுத்தார். சமையலறையில் உடைந்து கிடந்த அலமாரி இழுப்பறையின் பலகை லேசான மரம். அதில் மீன் வடிவத்தைப் பென்சிலால் வரைந்து, சின்ன ரம்பத்தால் அறுத்து, கத்தியால் விளிம்பை வழித்தார். சாப்பாட்டு மேசையில் மரத்தூள் படிந்தது. வீடு முழுக்க வார்னிஷ் வாடை. துணி காயும் கொடியில் சட்டைகளுக்கு நடுவே மீன்கள் தொங்கின. ஒரு முள் அவருடைய வேட்டியிலும் அதைத் தாண்டியும் ஏறியது. அன்றைக்கு அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

முதல் மீன் மூழ்கியது. அடுத்தது மிதந்தது, ஆனால் இழுத்தால் கட்டை போல வந்தது. தாடைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு சாய்வாக வைத்தால்தான் தண்ணீர் அதில் மோதி உடம்பை ஆட்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டு, பழைய பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை வெட்டிப் பொருத்தினார். சாய்வு அதிகமானால் மீன் பைத்தியம் பிடித்துச் சுற்றியது. குறைந்தால் தூங்கியது. ஈயத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளினார், கொஞ்சம் பின்னே தள்ளினார். ஸ்டோரில் வாஷர் எண்ணும்போதுகூட அவர் விரல்கள் காற்றில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. யாராவது வந்து கேட்டால் நிமிர்ந்து பார்க்காமலே, "வந்துட்டே இருக்கு" என்றார்.

ஒரு சாயங்காலம் அது நடந்தது. தொட்டியில் விட்ட மீன் நிமிர்ந்து நின்றது. நரம்பை மெல்ல இழுத்தார். மரம் உயிர் வந்ததுபோல இடமும் வலமும் வாலை அசைத்துக்கொண்டு தொட்டியின் நீளத்துக்கு நெளிந்து வந்தது. இன்னொரு முறை இழுத்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார், மகளைக் கூப்பிட்டார். மூன்று பேரும் குளியலறையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மகள் கேலி பேசவில்லை. மனைவி மண்டியிட்டு உட்கார்ந்து, "இன்னொருவாட்டி இழுங்க" என்றார். இத்தனை வருஷத்தில் தான் செய்த ஒரு காரியத்தை யாரும் இன்னொருவாட்டி செய்யச் சொன்னதாக ஸ்டோர்க்காரருக்கு ஞாபகம் இல்லை. இன்னும் மெதுவாக இழுத்துக் காட்டினார்.

கண்களை மனைவிதான் வரைந்தார், ஒரே மட்டத்தில். மற்றதெல்லாம் மேலாளர் பாணி. அதே சிவப்பு, முதுகில் அதே வழிந்த பெயிண்ட், வாலில் மேலாளர் எப்போதும் போடும் அதே கோணல் கையெழுத்து. நன்றாகச் செய்ததை மோசமாகத் தெரியும்படி செய்ய மேலும் பல நாள் பிடித்தது. இதற்கு நடுவில் தூண்டில் கோல் ஒன்று வாங்கி, மகள் போனில் காட்டிய வீடியோவைப் பார்த்து மொட்டை மாடியில் வீசிப் பழகினார். பக்கத்து வீட்டுப் போர்வை இருமுறை மாட்டியது.

ஏரிக்கரையில் அன்று காலை நல்ல காற்று. மேலாளர் புதுத் தொப்பி, பல பைகள் வைத்த சட்டையோடு வந்து இறங்கினார். தன் மரமீன்கள் இருந்த பெட்டியைத் திறந்து புல்லில் வைத்தார். பெட்டியை நகர்த்தி வைக்கிற சாக்கில் ஸ்டோர்க்காரர் தான் செய்த மீனை உள்ளே நழுவ விட்டார். பிறகு எல்லோரும் நின்றார்கள். யாரும் கோலைத் தொடவில்லை.

மேலாளர் முதலில் வீச வேண்டும் என்றார் டிஸ்பாட்ச்காரர். நான் செய்கிறவன், வீசுகிறவர்கள் நீங்கள்தான் என்றார் மேலாளர். மேலும், சிற்பி கோயிலில் மணி அடிப்பதில்லை என்று விளக்கினார். தன் வீட்டுக்காரர்தான் வீசுவார், தான் பக்கத்தில் நின்று மேற்பார்வை மட்டும் என்றார் கணக்கம்மா. வீட்டுக்காரர் ஏன் வரவில்லை என்றால் அவருக்கு இடுப்புப் பிடிப்பு. டிஸ்பாட்ச்காரருக்கு முந்தின நாள்தான் தோள் பிசகியிருந்தது. எந்தத் தோள் என்று கேட்டபோது முதலில் வலது, பிறகு இடது. ஸ்டோர்க்காரர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். மேலாளர் நரம்பின் முனையைப் பிடித்திருந்த விதத்தையும் பார்த்தார். அறுந்த செருப்பு வாரைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். அப்போதுதான் உறைத்தது. அங்கே நின்ற நான்கு பேரில் மீன் பிடித்தவர் ஒருவர்கூட இல்லை.

எப்படியோ ஒருவர் வீசித்தானே ஆக வேண்டும்? ஸ்டோர்க்காரர் தன் மீனை எடுத்துக் கட்டி வீசினார். நரம்பு விசிலடித்துக்கொண்டு போய், நாணல் ஓரமாக விழுந்தது. இழுத்தார். தண்ணீருக்குக் கீழே அது நெளிந்து வருவது கோல் வழியே அவர் கைக்குத் தெரிந்தது. மூன்றாவது வீச்சிலோ நான்காவது வீச்சிலோ தண்ணீர் வெடித்தது. கோல் வில்லாக வளைந்தது. கணக்கம்மா அலறினார். இழு என்றார் டிஸ்பாட்ச்காரர். விடு என்றும் அவரே சொன்னார். ஸ்டோர்க்காரர் செருப்போடு சேற்றில் இறங்கி, சறுக்கி, எழுந்து, ஒரு வழியாகக் கரைக்கு இழுத்துப் போட்டார். கறுத்த, பெரிய விரால்.

மேலாளர் அதற்குள் கணக்கம்மாவுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். மீன் வாலால் அடித்தபோது இன்னும் ஓரடி பின்வாங்கினார். போட்டோவுக்காக ஸ்டோர்க்காரர் மீனைத் தூக்கிப் பிடிக்க, மேலாளர் நரம்பின் ஒரு முனையை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. முள்ளைக் கழற்றுகிறபோது மீன் கையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. "விட்டுடுங்க, பாவம், அதுவும் ஒரு உயிர்தானே" என்றார் மேலாளர், அது போன பிறகு.

மறுநாள் அலுவலக நுழைவில் அந்தப் போட்டோ பெரிதாகத் தொங்கியது. ஓரத்தில் ஸ்டோர்க்காரரின் கைகள் மட்டும் தெரிந்தன; மீதியை அளவுக்காக வெட்டியிருந்தார்கள். மேலாளர் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. உள்ளே வெல்வெட்டில் அந்தச் சிவப்பு மீன். அதை எப்படிச் செதுக்கினார் என்று மேலாளர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மரம் தானாகத் தன்னிடம் பேசியது என்றார். கண்கள்தான் முக்கியம், அந்த இரண்டு கண்ணையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன் என்றார்.

மற்றதையெல்லாம் ஸ்டோர்க்காரர் பொறுத்துக்கொண்டார். கண் விஷயம் பொறுக்கவில்லை. அவர் நேராக மேலாளர் அறைக்குள் போனார்.

"சார், அந்த மீனை நீங்க செய்யல. நான் செஞ்சேன். கண்ணு என் வீட்டுக்காரி வரைஞ்சது."

மேலாளர் கோபப்படவில்லை. சிரித்தார். வெற்றி என்று வந்தால் எல்லோரும் சொந்தம் கொண்டாடுவது இயல்புதான் என்றார். ஸ்டோர்க்காரர் விடவில்லை. உள்ளே வயிற்றில் ஈயம் இருக்கிறது, அறுத்துப் பார்த்தால் தெரியும் என்றார். அப்பேர்ப்பட்ட மீனைப் பிடித்த பொய்மீனை அறுப்பதா என்று மேலாளர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். சரி, உங்களுடையதில் ஒரு மீன்கூட மாட்டியதில்லை, நான் இத்தனை நாள் சொன்னதெல்லாம் புளுகு, கணக்கம்மாவும் டிஸ்பாட்ச்காரரும் சொன்னதும் புளுகு என்று ஸ்டோர்க்காரர் கொட்டித் தீர்த்தார். மேலாளர் மணியை அடித்து இருவரையும் வரவழைத்தார்.

கணக்கம்மா, தன் வீட்டுக்காரர் பிடித்த மீனைத் தூக்க இரண்டு பேர் வந்தது சத்தியம் என்றார். டிஸ்பாட்ச்காரர், போட்டோவே இருக்கிறதே என்றார். இரண்டுக்கு ஒன்று. ஸ்டோர்க்காரர் இத்தனை வருஷத்தில் சொன்ன முதல் உண்மை அந்த அறையிலேயே பொய்யாகிவிட்டது. மேலாளர் அவர் தோளில் கை போட்டு வாசல் வரை வந்தார். வேலைப் பளு அதிகம் போலிருக்கிறது, மனசுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும், மரத்தில் ஏதாவது செய்து பழகுங்கள், நான் சொல்லித் தருகிறேன் என்றார். பெயிண்ட் ஷெட்டுக்கு மாற்றவில்லை. பரிதாபப்பட்டார், அவ்வளவுதான். ஸ்டோர்க்காரருக்கு அது ஷெட்டைவிட மோசமாக இருந்தது.

ஏரிப் பயணம் இனி மாதாமாதம் உண்டு, ஒவ்வொருவரும் முறை வைத்து வீச வேண்டும் என்று சீக்கிரமே அறிவிப்பு வந்தது. அன்று மதியமே கணக்கம்மா ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அந்த மாதிரி ஒண்ணு எனக்கும் செஞ்சு தாங்களேன். நீங்க செஞ்சதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா உள்ள ஏன் சொல்லல?"

"உள்ள எப்படிங்க சொல்றது?" என்றார் கணக்கம்மா, உண்மையிலேயே புரியாதவராக.

அவர் போன கொஞ்ச நேரத்தில் டிஸ்பாட்ச்காரரும் வந்தார். குண்டாக இருந்தால் நல்லது என்றார். ஸ்டோர்க்காரர் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். செய்ய முடியாது என்றார். சொல்லிவிட்டு, யாரோ வேறு ஆள் பேசியது போலத் திகைத்துப்போய், தட்டில் இருந்த வாஷர்களை ஒருமுறை கலைத்து மறுபடி அடுக்கினார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் முதலில் சொன்னது அதைத்தான். எப்படி இருந்தது என்று மனைவி கேட்டார். புதுச் செருப்பு மாதிரி கொஞ்சம் கடித்தது, மற்றபடி பரவாயில்லை என்றார்.

அந்த வார விடுமுறையில் அவரும் மனைவியும் ஏரிக்குப் போனார்கள். புதிதாகச் செய்தது, சாம்பல் நிறம். வழிந்த பெயிண்ட் இல்லை, யார் கையெழுத்தும் இல்லை. வெயில் ஏறும்வரை மாறி மாறி வீசினார்கள். மனைவியின் வீச்சு அவருடையதைவிட நேராகப் போயிற்று. ஒரு மீனும் வரவில்லை. ஒரு தடவை ஏதோ பின்னாலேயே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பியது. அதைப் பற்றியே பேசிக்கொண்டு வீடு வந்தார்கள்.

திங்கட்கிழமை கூட்டத்தில் மேலாளர், ஏரிப்பக்கம் போனீர்களாமே, ஏதாவது மாட்டியதா என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றார் ஸ்டோர்க்காரர். "ஒண்ணும் மாட்டல."

கணக்கம்மா தலையைக் குனிந்துகொண்டார். மேலாளர் ஸ்டோர்க்காரரை ரொம்ப நேரம் பார்த்தார். பார்வையில் ஒரு தகப்பனின் கனிவு.

"அதான் சொல்றேன்" என்றார். "என்னோடத எடுத்துட்டுப் போயிருக்கணும்."